தேயிலைப் புத்தகம் எந்த ரேக்கில்? நூலக எண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கவுண்டரில் அன்றாடம் காதில் விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பள்ளிப் பிள்ளைகள், சிறு தேயிலை விவசாயிகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லோரும் உண்டு. எண்களை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு நூல் ஓரிடத்தில்தான் நிற்க முடியும், ஆனால் உங்களுக்கு வேண்டிய விஷயம் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கலாம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதித் தேடல் முடிந்தது.

புத்தகத்தின் முதுகில் ஒட்டிய சீட்டில் என்னதான் எழுதியிருக்கிறது?

மேல் வரியில் இருப்பது பகுப்பு எண். நூல் எதைப் பற்றியது என்பதை அது சொல்கிறது. கீழ் வரியில் பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். 633.72 என்று எழுதி அதன் கீழே ‘முரு’ என்று இருந்தால், தேயிலைச் சாகுபடி பற்றி முருகேசனோ முருகையனோ யாரோ எழுதிய நூல். இரண்டும் சேர்ந்ததுதான் அழைப்பு எண்.

உள்ளே முத்திரை குத்திய பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது சேர்க்கை எண். நூலகத்துக்குள் எத்தனையாவதாக வந்த புத்தகம் என்ற கணக்கு, அவ்வளவுதான். ஒரே நூலில் மூன்று பிரதி இருந்தால் மூன்றுக்கும் அழைப்பு எண் ஒன்றே, சேர்க்கை எண் மட்டும் வேறு வேறு. அதைக் குறித்துக்கொண்டு வந்து “இது எங்க சார்?” என்று கேட்டால், நானும் கணினியில் தட்டித்தான் சொல்ல வேண்டும்.

பின்னட்டையில் 978 என்று தொடங்கும் நீள எண்?

அது ஐஎஸ்பிஎன், அதாவது சர்வதேசத் தர நூல் எண். பதிப்பகத்துக்கும் புத்தகக் கடைக்கும் உரியது. ரேக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

633.72 என்ற எண் எங்கிருந்து வந்தது?

1876-ல் அமெரிக்காவில் மெல்வில் டியூவி என்ற நூலகர் 44 பக்கத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். உலகத்து அறிவையெல்லாம் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக, அதையும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவதுதான் அவருடைய யோசனை. 000 பொது நூல்கள் (இப்போது கணினியும் இங்கேதான்), 100 தத்துவமும் உளவியலும், 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலையும் விளையாட்டும், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும்.

இனி நம் தேயிலைக்கு வருவோம். 600 தொழில்நுட்பம். அதற்குள் 630 வேளாண்மை. அதற்குள் 633 வயல், தோட்டப் பயிர்கள். அடுத்து 633.7 ஆல்கலாய்டு (செடியில் இயற்கையாக உண்டாகும் ஒருவகை வேதிப்பொருள்) உள்ள பயிர்கள். 633.71 புகையிலை, 633.72 தேயிலை, 633.73 காப்பி, 633.74 கோக்கோ. டீயும் காப்பியும் அடுத்தடுத்து நிற்பது சரி, புகையிலை எங்கே வந்து நுழைந்தது என்று கேட்பவர்கள் உண்டு. தேயிலையில் காஃபீன், புகையிலையில் நிக்கோடின், இரண்டுமே ஆல்கலாய்டு. வேதியியல் கண்ணில் அவை பங்காளிகள்.

அதே ரேக்கில் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தால் 633.88, மருந்துச் செடிகள். 1860களில் நம் மலையில் பயிரான சிங்கோனா அங்கே வரும். நடுவட்டம் பக்கத்து ஆட்களுக்கு அது சொந்தக் கதை. கேரட்டும் உருளைக்கிழங்கும் அங்கே இல்லை. அவற்றை டியூவி காய்கறித் தோட்டத்தில் சேர்த்துவிட்டார்: கேரட் 635.13, உருளைக்கிழங்கு 635.21. ஊட்டியைச் சுற்றி மலைச்சரிவு முழுக்க உருளையும் கேரட்டும் போடுகிறவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஆனால் எண் அப்படித்தான், 633-ல் தேடினால் கிடைக்காது.

அப்படியானால் தேயிலை பற்றிய எல்லாப் புத்தகமும் 633.72-ல் இருக்குமா?

இருக்காது. வாசகர்கள் அதிகமாக ஏமாறும் இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டியூவி முறை முதலில் பார்ப்பது துறையை. பொருள் அதற்கு அப்புறம்தான். தேயிலை என்பது ஒரு பொருள். அதை விவசாயி பார்க்கிறார், தொழிற்சாலைக்காரர் பார்க்கிறார், பொருளாதாரம் படிப்பவர் பார்க்கிறார், சமைப்பவர் பார்க்கிறார். ஒவ்வொருவர் பார்வைக்கும் ஓர் எண். செடி வைப்பது, கவாத்து, நோய், உரம் எல்லாம் 633.72. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தித் தூளாக்கும் தொழில் 663.94. இலை விலை ஏன் விழுந்தது, உற்பத்தி, சந்தை என்றால் 338.17372. எஸ்டேட் தொழிலாளர்களின் கூலியும் சங்கமும் 331-ல். டீ போடும் பக்குவம் 641-ல், சமையல் நூல்களோடு. இந்தத் தோட்டங்கள் உருவான வரலாற்றை ஒருவர் தமிழ்நாட்டு வரலாறாக எழுதியிருந்தால் 954.82. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாவலாக எழுதியிருந்தால் அது நேராக 894.8113, தமிழ்ப் புனைகதை. அங்கே தேயிலை என்ற பேச்சே எண்ணில் இல்லை, ஏனென்றால் இலக்கியத்தை எதைப் பற்றியது என்று பிரிப்பதில்லை. மொழி, அப்புறம் வடிவம்.

338.17372-ஐ ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். கடைசியில் 372 இருக்கிறதா? 633.72-ல் 63-ஐயும் புள்ளியையும் எடுத்துவிட்டால் மிச்சம் அதே 372. விவசாயப் பொருள்களின் பொருளாதாரம் 338.17, அதன் வாலில் பயிரின் எண்ணை ஒட்டிக்கொள்ளச் சொல்கிறது விதி. காப்பியின் பொருளாதாரம் எங்கே என்று இனி நீங்களே சொல்லிவிடலாம்: 338.17373.

ஊட்டி ரயிலும் இப்படித்தான். 1899-ல் குன்னூர் வரை வந்து, 1908-ல் ஊட்டியை எட்டி, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்த ரயிலைப் பற்றிய நூல், போக்குவரத்தாக எழுதப்பட்டிருந்தால் 385. கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள பல்சக்கரப் பாதையின் பொறியியலைப் பேசினால் 625. சுற்றுலாக் கையேடாக இருந்தால் 915.482. தோடர்களின் வாழ்க்கை பற்றிய நூல் 305.8 பக்கம் இருக்க, அவர்களுடைய சிவப்பு கருப்புப் பூத்தையல் பற்றிய நூல் 746.44-ல், எம்ப்ராய்டரி நூல்களோடு நிற்கும்.

இதைக் கேட்டதும், “அப்போ நீலகிரின்னு ஒரு ரேக் வெச்சிட்டா போதுமே?” என்பார்கள். உள்ளூர் நூல்களுக்கென்று தனி அடுக்கு வைக்கும் நூலகங்கள் உண்டு, நல்ல விஷயம்தான். ஆனால் அப்படி வைத்தால் எம்ப்ராய்டரி கற்க வருகிற பெண் தோடர் தையல் நூலைத் தன் அடுக்கில் பார்க்க மாட்டாள். எங்கே வைத்தாலும் யாரோ ஒருவருக்கு அது தொலைவுதான். டியூவிக்கே இது தெரியும். அதனால்தான் தன் நூலின் கடைசியில் ஒரு சார்பு அட்டவணை சேர்த்தார். அதில் ஒரு பொருளின் பெயரைப் பார்த்தால், எந்தெந்தத் துறையில் எந்தெந்த எண் என்று ஒரே இடத்தில் இருக்கும். இன்று அந்த வேலையைக் கணினிப் பட்டியல் செய்கிறது. பட்டியலில் தேயிலை என்று அடித்து, வருகிற எண்களை எல்லாம் ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு ரேக்குகளுக்குப் போங்கள். முதல் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள்.

599.756 முன்னால் வருமா, 599.8 முன்னால் வருமா?

599.756-தான் முன்னால். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை எழுநூற்று ஐம்பத்தாறு, எட்டு என்று வாசிக்கக் கூடாது. ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். ஏழு எட்டுக்கு முந்தியது, கதை முடிந்தது. முதுமலைக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு இந்த அடுக்கு பிடிக்கும்: வரையாடு 599.64, யானை 599.67, புலி 599.756, கருமந்தி முதலான குரங்குகள் 599.8. இடமிருந்து வலமாக, மேல் தட்டு முடிந்ததும் கீழ்த் தட்டு. ஒரு ரேக்கின் கீழ்த் தட்டு முடிந்த பிறகுதான் அடுத்த ரேக். மேல் தட்டிலேயே நேராக அடுத்த ரேக்குக்குத் தாவினால் வரிசை அறுந்துவிடும். பெரியவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள்.

தமிழ் நாவல்கள் எல்லாமே 894.8113 என்றால், அதற்குள் எப்படித் தேடுவது?

ஆசிரியர் பெயரை வைத்து. பொது நூலகத்தில் அதிகம் கை படுகிற அடுக்கும் இதுதான், அதிகம் குழம்பிக் கிடக்கிற அடுக்கும் இதுதான். (கவிதை 894.8111, நாடகம் 894.8112, கட்டுரை 894.8114. இவற்றுக்கும் இதே வழிதான்.)

முதல் விஷயம், முன்னெழுத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பெயர்தான் முக்கியம். ம. கண்ணன் என்றால் க-வில் தேடுங்கள், ம-வில் அல்ல. புனைபெயரில் எழுதியவரைப் பெரும்பாலும் புனைபெயரிலேயே வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, ரகரம். ராமசாமி என்று ஒரு பதிப்பகம் அச்சடிக்கும், இராமசாமி என்று இன்னொன்று அச்சடிக்கும். ஒரே ஆள். சீட்டு எழுதியவர் அட்டையைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தால், ஒரு புத்தகம் ‘இரா’ என்று அடுக்கின் தொடக்கத்தில், இன்னொன்று ‘ராம’ என்று வெகுதூரம் தள்ளி. லட்சுமி, இலட்சுமியும் அப்படியே. ஒரு பக்கம் கிடைக்கவில்லை என்றால் மறுபக்கம் போய்ப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கிரந்த எழுத்துகள். அகராதி வழக்கப்படி ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ன-வுக்குப் பின்னால், கடைசியில் வரும். ஆனால் கணினியில் ஜ என்ற எழுத்தின் குறியீட்டு எண் ச-வுக்கு அடுத்து இருக்கிறது. மென்பொருளைச் சரியாக அமைக்காவிட்டால், அச்சிட்ட பட்டியலில் ஜெயராமன் ச-வுக்குப் பிறகும், ரேக்கில் கடைசியிலும் இருப்பார்.

எண்ணே வேண்டாம், எல்லாவற்றையும் அகரவரிசையில் வைத்தால் என்ன?

நாவலுக்குச் சரிப்படும். தேனீ வளர்ப்பு நூல்கள் மூன்று இருந்தால், மூன்று ஆசிரியர் பெயரும் தெரிந்தால்தான் மூன்றும் கிடைக்கும். தெரியாதவர் என்ன செய்வார்?

தமிழ் இலக்கியத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு நீளமான எண்?

ஆங்கில நாவல் 823, மூன்றே இலக்கம். தமிழ் நாவல் 894.8113, ஏழு இலக்கம். அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று ஆளுக்கு ஒரு பத்தைக் கொடுத்துவிட்டு, உலகத்தின் மற்ற மொழிகளை எல்லாம் 890-ல் தள்ளினார் டியூவி. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள மொழிக்கு ‘மற்றவை’யில் ஒரு மூலை. 1876-ல் ஓர் அமெரிக்கக் கல்லூரி நூலகத்து அலமாரியைக் கண்ணெதிரே வைத்துப் பிரித்ததன் விளைவு. உள்ளூர் இலக்கியத்துக்கு 810-ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்று வழியும் விதியில் இருக்கிறது. ஆனால் ஒரு நூலகம் மட்டும் மாற்றினால், அடுத்த ஊர் நூலகத்தில் வாசகர் முழிப்பார்.

சமயத்தில் இன்னும் வெளிப்படை. 220 முதல் 289 வரை பைபிளும் கிறித்தவமும். மற்ற எல்லாச் சமயமும் 290-க்குள் நெருக்கியடித்து: பௌத்தம் 294.3, சமணம் 294.4, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. பக்திப் பாடல் தொகுப்பு தேடுகிறவர் 294.5-ம் பார்க்க வேண்டும், 894.8111-ம் பார்க்க வேண்டும். பாட்டா, பக்தியா என்பதை அந்தந்த நூலகர் முடிவு செய்திருப்பார்.

நம் ஊர்க்காரர் ஒருவர் வேறு முறை கண்டுபிடித்தார் என்கிறார்களே?

எஸ். ஆர். ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர், கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகவியல் படிக்க லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார். துளையிட்ட பட்டைகள், திருகாணி, சக்கரம், அவ்வளவுதான். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தடவை வண்டி, ஒரு தடவை பாலம். எண்ணையும் இப்படிப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது.

டியூவியிடம் எண் பெரும்பாலும் தயாராக இருக்கும், தேடி எடுக்க வேண்டும். ரங்கநாதனிடம் துண்டுகள் இருக்கும், நூலுக்கு ஏற்ப நாம் பூட்ட வேண்டும். நூலகவியல் வகுப்புகளில் விடாமல் சொல்லும் உதாரணம், இந்தியாவில் நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே மூலம் குணப்படுத்துவது பற்றி 1950-ல் நடந்த ஆராய்ச்சி. அதை அவர் முறையில் துண்டுபோட்டால் ‘மருத்துவம், நுரையீரல்; காசநோய்: சிகிச்சை; எக்ஸ்ரே: ஆராய்ச்சி. இந்தியா ’1950’ என்று ஆகும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்து அல்லது எண், நடுவே நிறுத்தக்குறி. ஆரம்பத்தில் அந்த ஒட்டும் குறியாக முக்காற்புள்ளியை, அதாவது கோலனை, வைத்ததால் கோலன் பகுப்பு முறை என்று பெயர். 1933-ல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்டது. அதில் தமிழ் இலக்கியம் ‘மற்றவை’யில் இல்லை. இலக்கியத்துக்கு ஆங்கில ஓ எழுத்து, தமிழுக்கு 31, தீர்ந்தது.

வாசகருக்கு இதில் உருப்படியான பாடம் ஒன்று இருக்கிறது. ரேக்கில் நூல்கள் எப்படிப் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும் என்று ரங்கநாதன் யோசித்தார். நடுவில் உங்களுக்கு வேண்டிய பொருள், கருநிழல். அதன் இரு பக்கமும் நெருங்கிய பொருள்கள், புறநிழல். அதற்கும் அப்பால் தொடர்பில்லாதவை. எனவே ஒரு நூலைக் கண்டுபிடித்ததும் எடுத்துக்கொண்டு நடந்துவிடாதீர்கள். இடப்பக்கம் ஐந்தாறு, வலப்பக்கம் ஐந்தாறு முதுகைப் படியுங்கள். கேட்டு வந்ததைவிட நல்ல நூல் அங்கே கிடைப்பது அடிக்கடி நடக்கிறது. பகுப்பு முறையின் முழுப் பலனும் இந்தப் பக்கத்து நூலில்தான் என்பது என் கட்சி. கேட்ட நூலை மட்டும் எடுத்துத் தர வரிசை எண்ணே போதுமே.

எங்கள் நூலகத்தில் எந்த முறை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதுகைப் பாருங்கள். எண்ணும் ஒற்றைப் புள்ளியும் மட்டும் இருந்தால் டியூவி. தொடக்கத்திலேயே ஆங்கில எழுத்தும், உள்ளே காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளியும் கலந்திருந்தால் கோலன். இந்த இரண்டு முறையும் பிறக்கும் முன்பே நூலகம் வைத்த ஊர் நம்முடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் உள்ள நீலகிரி லைப்ரரி 1859-ல் தொடங்கியது, டியூவியின் சிறு நூலுக்கு 17 ஆண்டு மூத்தது. அந்தக் காலத்து நூலகங்கள் பலவற்றில் எண் நூலுக்கு அல்ல, அலமாரிக்குத்தான். மூன்றாவது அலமாரி, இரண்டாவது தட்டு, ஏழாவது புத்தகம் என்ற மாதிரி. அலமாரியை நகர்த்தினால் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும்.

பட்டியலில் ‘உள்ளது’ என்கிறது, ரேக்கில் இல்லையே?

முதலில், திரும்பி வந்து இன்னும் அடுக்காத நூல்கள் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும், கேளுங்கள். அடுத்து வாசிப்பு மேசைகள். அப்புறம் இலக்கம் இடம் மாறிய இடங்கள்: 635-க்குப் போக வேண்டியது 653-ல் இருக்கும், 599 என்பது 559-ல். இரண்டு நூலுக்கு நடுவே நழுவித் தட்டின் பின்பக்கம் படுத்திருப்பதும் உண்டு, கையை விட்டுத் துழாவுங்கள். அளவில் பெரிய படப்புத்தகங்கள் தட்டில் நிற்காது, அவற்றுக்குத் தனி அடுக்கு இருக்கும்.

மலையில் கூடுதலாக ஒரு தொல்லை, ஈரம். இங்கே ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. நடுவில் மூடுபனி. கோந்து போட்டு ஒட்டிய சீட்டு ஓரத்திலிருந்து சுருண்டு, ஒரு நாள் உதிர்ந்துவிடும். அதன்மேல் ஒட்டிய செலோடேப் மஞ்சளாகி, எண்ணையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். சீட்டில்லாத புத்தகத்தை அவசரத்தில் யாராவது கிடைத்த இடத்தில் செருகுவார்கள். அதற்காகத்தான் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பென்சிலால் அதே எண்ணை எழுதி வைப்பது. பென்சிலுக்குக் காரணம் உண்டு: ஈரத்தில் மை பரவும், பென்சில் பரவாது. மொட்டை முதுகோடு ஒரு நூலைக் கண்டால், எடுத்துக் கவுண்டரில் கொடுத்துவிடுங்கள், பெரிய உதவி. அப்படியே பூஞ்சை வாசனை அடிக்கிற நூலையும்.

படித்து முடித்ததை நானே ரேக்கில் வைத்துவிடலாமா?

வேண்டாம், மேசையிலேயே விடுங்கள். நல்லெண்ணத்தில் வைத்த புத்தகம்தான் எங்களுக்கு மாதக்கணக்கில் கிடைக்காது.

டிஎன்பிஎஸ்சி புத்தகங்கள் ஏன் வரிசையில் இல்லை?

கணக்கு 510-ல், வரலாறு 954-ல் என்று பிரித்து வைத்தால் தேர்வுக்குப் படிப்பவர் ஹாலெல்லாம் சுற்ற வேண்டும். அதனால் வரிசையை வேண்டுமென்றே உடைத்துத் தனியாக வைக்கிறோம். குழந்தைகள் பகுதி, குறிப்புதவி நூல்கள், நாளிதழ்களும் அப்படியே. “வாசகரின் நேரத்தைச் சேமி” என்பது ரங்கநாதனின் ஐந்து விதிகளில் நான்காவது. அந்த விதிக்கு முன்னால் எண் வரிசை விட்டுக்கொடுக்கலாம்.

எஸ்டேட் பள்ளியில் முந்நூறு புத்தகம் இருக்கிறது. இதெல்லாம் தேவையா?

புள்ளிக்குப் பின்னால் போகவே வேண்டாம். மூன்று இலக்கம் போதும்: 398 நாட்டுப்புறக் கதை, 510 கணக்கு, 520 வானியல், 598 பறவைகள், 599 பாலூட்டிகள், 630 விவசாயம், 796 விளையாட்டு. தமிழ்க் கதைகளுக்கு எண்ணே இல்லாமல் ஆசிரியரின் முதல் இரண்டு எழுத்து மட்டும் போடுங்கள். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு நிறம் வைத்து, முதுகில் கீழிருந்து இரண்டு அங்குலத்தில் துணி நாடா ஒட்டினால் சின்னப் பிள்ளைகளே அடுக்கிவிடுவார்கள். எல்லாப் புத்தகத்திலும் ஒரே உயரத்தில் ஒட்டுங்கள், அப்போதுதான் தப்பான நிறம் தூரத்திலிருந்தே கண்ணில் உறுத்தும். தட்டை ஈரச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஒவ்வொரு தட்டிலும் கால்வாசி இடத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த வருடம் வரும் புத்தகமும் நடுவில்தான் போய் உட்காரும், கடைசியில் அல்ல.